சின்னக் கைகளைக் கூடத்துக்கு வெளியே நிறுத்தாதீர்கள்

அறிவியல் அருங்காட்சியக நிர்வாகக் குழுவினருக்கு,

ஏழு வயது நிரம்பாத குழந்தைகளை இனிமேல் செய்துபார்க்கும் கூடத்துக்குள் விடுவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறீர்கள். நுழைவாயிலில் அறிவிப்பும் ஒட்டியாகிவிட்டது. அவர்களுக்கென்று தொடுதிரைகள் வைத்த தனி அறை ஒன்றைத் திறந்திருக்கிறீர்கள். அதற்கு இடம் வேண்டும் என்று தண்ணீர் மேசையையும் காற்றில் பந்து மிதக்கும் கருவியையும் கழற்றி எடுத்துவிட்டீர்கள். இந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் என்று விளக்கவே இதை எழுதுகிறேன்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவனுக்கு எட்டு வயது, சின்னவளுக்கு நான்கு. உங்கள் கூடத்தின் ஒவ்வொரு மூலையும் இருவருக்கும் பழக்கம். இப்போது வந்தால் வாசலிலேயே குடும்பம் இரண்டாகப் பிரிய வேண்டியிருக்கிறது. பெரியவன் உள்ளே போகலாம், ஆனால் பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்பது உங்கள் பழைய விதி. சின்னவள் திரை அறையில்தான் இருக்க வேண்டும், அவளையும் தனியே விடக் கூடாது. இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தனியாக வரும் தாயோ, தந்தையோ, தாத்தாவோ என்ன செய்வது? வாசலில் நின்ற ஊழியரிடம் கேட்டேன். "எங்களுக்கு வந்த உத்தரவும்மா, நாங்க என்ன பண்றது" என்றார். அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. உத்தரவு போட்டவர்கள் நீங்கள், அதனால் உங்களிடம் கேட்கிறேன். அன்று பெரியவன், தங்கச்சி இல்லாமல் நான் மட்டும் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டான். மூவரும் திரை அறைக்குப் போனோம்.

அங்கே நடந்ததைச் சொல்கிறேன். ஒரு திரையில், குழாய்க்கு மேலே பந்து மிதக்கும் படம். பந்தை விரலால் இழுத்தால் நகரும், விட்டால் பழைய இடத்துக்கே வரும். வந்ததும் கைதட்டும் சத்தம், ஒரு நட்சத்திரம், உடனே அடுத்த படம். சின்னவள் நட்சத்திரத்தைக் கவனிக்கவே இல்லை. கன்னத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துக்கொண்டு நின்றாள். பழைய கருவியிடம் போனால் அவள் முதலில் செய்வது அதுதான். குழாய்க்கு மேலே கன்னத்தை நீட்டுவாள், காற்று முடியைத் தூக்கிவிடும், சிரித்து முடித்த பிறகுதான் பந்தைத் தொடுவாள். "இங்க காத்தே வரலம்மா" என்றாள். அப்புறம் நாலைந்து முறை பந்தை இழுத்துவிட்டு, கதவுப் பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

அதே குழந்தை அந்தப் பழைய கருவியிடம் எவ்வளவு நேரம் நிற்பாள் என்பதை உங்கள் ஊழியர்கள் பார்த்திருக்கிறார்கள். பந்தைக் காற்றில் விடுவாள். நிற்கும். கையைக் குறுக்கே வைப்பாள். விழும். ஓடிப்போய் எடுத்து வருவாள். மறுபடி விடுவாள். ஒரு நாள் குழாயை மெதுவாகச் சாய்த்தாள். பந்து விழவில்லை, காற்றோடு சேர்ந்து தானும் சாய்ந்து நின்றது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் சாய்த்தாள். இன்னும் கொஞ்சம். கடைசியில் பந்து விழுந்ததும் அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பந்தை எடுத்து, எந்தச் சாய்வில் விழுந்ததோ அதற்குக் கொஞ்சம் முன்னால் குழாயை நிறுத்தி, மறுபடி விட்டாள். நான்கு வயதுக் குழந்தை ஓர் எல்லையைத் தேடிக் கண்டுபிடிக்கிறாள். யாரும் அவளுக்குக் கேள்வி கொடுக்கவில்லை.

அந்தக் கருவியின் அறிவியல் ஒன்றும் எளிதானதில்லை. பந்து ஓரமாக நழுவும்போது, அதைத் தழுவி ஓடும் காற்று பந்தின் வளைவோடு சேர்ந்து வெளிப்பக்கம் திரும்புகிறது. காற்றைப் பந்து வெளியே திருப்புகிறது, பதிலுக்குக் காற்று பந்தை உள்ளே, நடுவை நோக்கித் தள்ளுகிறது. கல்லூரியில் படிக்கிற விஷயம். நான்கு வயதில் இந்த விளக்கம் அவளுக்குத் தேவையில்லை. பின்னாளில் யாராவது இதைச் சொல்லும்போது, பந்தை உள்ளே இழுத்த அந்தக் காற்றின் பிடி அவள் உள்ளங்கையில் ஏற்கெனவே இருக்கும். திரையில் இழுத்துப் பார்த்தவளுக்கு அது எங்கிருந்து வரும்?

திரையில், நிரல் எழுதியவர் நினைத்துப் பார்த்தது மட்டும்தான் நடக்கும். உண்மையான காற்றில் யாரும் நினைக்காததும் நடக்கும். ஒரு பையன் காகிதத்தைக் கசக்கிப் போட்டுப் பார்த்தான். இன்னொரு குழந்தை இரண்டு பந்தை ஒன்றன்மேல் ஒன்றாக மிதக்கவிடப் பார்த்தது. ஒரு தந்தை தன் கைக்குட்டையை விட்டார், அது பறந்து பக்கத்தில் நின்றவர் தோளில் விழுந்தது, எல்லோரும் சிரித்தார்கள். தோற்றுப்போன முயற்சிகள்தான் பாதிக்கு மேல். ஆனால் தோற்கும் விதம் ஒவ்வொன்றும் வேறு வேறு. அந்த வேறுபாட்டைத்தான் குழந்தைகள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 2 முதல் 4 வயது வரையுள்ள குழந்தைகள் உட்கார்ந்தபடி திரை பார்ப்பது ஒரு நாளில் 1 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்று சொல்லியிருக்கிறது. வீட்டில் அந்த ஒரு மணி நேரத்தைக் காப்பதற்கே பெற்றோர் பெரும்பாடு படுகிறோம். திரை இல்லாத இடம் என்று நம்பித்தான் பிள்ளைகளை உங்களிடம் கூட்டி வந்தோம்.

தண்ணீர் மேசையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எடுத்தவற்றில் பெரிய இழப்பு அதுதான். அதில் பெரிதாக ஒன்றும் இருக்காது. ஓடும் தண்ணீர், தடுக்கச் சில பலகைகள், சின்னச் சக்கரம், அகலமும் ஒல்லியுமாகக் கொஞ்சம் கோப்பைகள். சின்னவள் அகலக் கோப்பையை நிரப்பி, ஒல்லியான உயரக் குவளையில் ஊற்றுவாள். "இதுலதான் நிறைய இருக்கு" என்பாள், உயரக் குவளையைக் காட்டி. பெரியவன் "ரெண்டும் ஒண்ணுதான்" என்பான். அவள் ஒப்புக்கொள்ள மாட்டாள். அவன் அதே தண்ணீரைத் திரும்ப அகலக் கோப்பையில் ஊற்றிக் காட்டுவான். அவள் கொஞ்ச நேரம் பார்ப்பாள். "இப்ப குறைஞ்சிடுச்சு" என்பாள்.

ழான் பியாஜே என்ற சுவிட்சர்லாந்து உளவியலாளர் குழந்தைகளிடம் கேட்டுப் புகழ்பெற்ற கேள்வி இதேதான். ஏறக்குறைய ஏழு வயது வரை பெரும்பாலான குழந்தைகள் உயரக் குவளையில்தான் அதிகம் என்பார்கள் என்று அவர் கண்டார். ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறினாலும் அளவு மாறாது என்பது நமக்குச் சொல்லவே வேண்டாத உண்மை, அவர்களுக்கு இனிமேல்தான் விளங்க வேண்டிய உண்மை. அது விளங்கிக்கொண்டிருக்கும் வயதைப் பார்த்து, அந்த வயதுக்காரர்களைத் தண்ணீரிடமிருந்து விலக்கியிருக்கிறீர்கள். ஏழு வயதில் உள்ளே விடுகிறீர்கள். அப்போது அந்தக் கோப்பைகள் அங்கே இருந்தாலும், பெரும்பாலான பிள்ளைகளுக்கு அவை வெறும் கோப்பைகளாகியிருக்கும்.

அண்ணனும் தங்கையும் அந்த மேசையில் போட்ட சண்டையைச் சும்மா வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. எட்டு வயதுக்காரனுக்கு விடை தெரியும், காரணம் சொல்லத் தெரியாது. தங்கைக்கு விளங்கவைக்க வேண்டும் என்று அவன் மூன்றாவது கோப்பையைத் தேடி எடுத்து, இரண்டையும் அதில் தனித்தனியாக ஊற்றி, தண்ணீர் நிற்கும் இடத்தை விரலால் பிடித்துக் காட்டினான். அளப்பது என்றால் என்ன என்று அன்று அவன் கற்றான், தங்கையால். வயதுவாரியாகப் பிள்ளைகளைப் பிரித்து உட்காரவைக்கப் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. எல்லா வயதும் ஒரே கருவியைச் சுற்றி நிற்கும் இடம் ஒரு குழந்தைக்கு வேறெங்கே கிடைக்கிறது? அதை நீங்கள் வைத்திருந்தீர்கள்.

சின்னக் குழந்தைகளை இந்தக் கூடங்களுக்குள் விடுவது புதிதாக யாரோ கிளப்பிவிட்ட யோசனையும் அல்ல. லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் 1931லேயே குழந்தைகளுக்கென்று ஒரு கூடம் திறந்தது. 3 முதல் 6 வயதுக்காரர்களுக்கென்றே பிற்காலத்தில் ஒரு பகுதியையும் அங்கே அமைத்தார்கள். அதில் அவர்களுக்குக் கொடுத்தவை தண்ணீர், ஒளி, ஒலி, அடுக்கிக் கட்டும் கட்டைகள். சின்னவர்களுக்குத் தனி இடம் வேண்டும் என்றால் அதற்கும் நான் எதிரியில்லை. அந்த இடத்தில் கைக்கு அகப்படும் பொருள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பாதுகாப்புதான் காரணம் என்று உங்கள் அறிவிப்பு சொல்கிறது. சரி, அதைப் பேசுவோம். கூடத்தில் என் பிள்ளைகள் ஆபத்தான நிலையில் நின்றதை நானே பார்த்திருக்கிறேன். கிசுகிசுக்கும் கிண்ணங்கள் இருக்கின்றன அல்லவா, கூடத்தின் இரு முனைகளிலும் எதிரெதிராக நிற்கும் இரண்டு பெரிய குழிவட்டுகள். ஒன்றின் முன்னால், குவியம் என்ற புள்ளியில் வாயை வைத்து மெல்லப் பேசினால் ஒலி அதில் பட்டு இணையாகப் புறப்பட்டு, எதிர் வட்டின் குவியத்தில் போய்ச் சேரும். அந்தக் குவியம் வளர்ந்தவர் முகம் வரும் உயரத்தில் இருக்கிறது. நான்கு வயதுக் குழந்தையின் உயரம் சுமார் 1 மீட்டர். அவள் வாய் குவியத்தை எட்டவே எட்டாது. அதனால் பிள்ளைகள் வட்டின் கால்மேல் ஏறுகிறார்கள், கம்பியைப் பிடித்துத் தொங்குகிறார்கள். ஒரு குழந்தை வழுக்கி விழுந்ததையும் பார்த்தேன். இதற்குத் தேவை அசையாத ஒரு படி, பக்கத்தில் ஒரு கைப்பிடி. இரண்டும் ஒரு தச்சருக்கு அரைநாள் வேலை. அதைச் செய்யாமல் குழந்தையை வெளியே அனுப்புவது, கருவியின் குறைக்குக் குழந்தையைப் பொறுப்பாக்குவது.

இதுபோலவே விளக்கப் பலகைகள் எல்லாம் என் கண் மட்டத்தில் இருக்கின்றன. நிழல்களில் நிறம் காட்டும் அறையில் விளக்கை அணைக்கும் பொத்தான்கள் என் தோள் உயரத்தில். அந்த அறையில் சிவப்பு, பச்சை, நீல விளக்குகள் மூன்றும் சேர்ந்து சுவரை வெள்ளையாக்கும், நடுவே கை நீட்டினால் மஞ்சளும் ஊதா கலந்த சிவப்பும் வெளிர்நீலமுமாக நிழல்கள் விழும். சின்னவர்கள் தங்கள் நிழலில் தாங்களே மயங்கி ஆடுகிற இடம் அது. ஆனால் ஒரு விளக்கை அணைத்தால் எந்த நிழல் மறைகிறது என்று அவர்களாகப் பார்க்க முடியாது. யாராவது தூக்கிப் பிடிக்க வேண்டும்.

அடுத்தது, சின்னக் குழந்தைகள் கருவிகளை உடைக்கிறார்கள் என்ற பேச்சு. இது அறிவிப்பில் இல்லை, ஆனால் அங்கே கேட்டவர்களுக்கெல்லாம் இதுதான் பதிலாகக் கிடைத்தது. உட்கார்ந்து கயிற்றை இழுத்து நம்மை நாமே தூக்கிக்கொள்ளும் கப்பி நாற்காலியில் "பழுது" என்ற பலகை தொங்குகிறது. நாங்கள் எப்போது வந்தாலும் தொங்குகிறது. அதன் கயிறு நைந்திருக்கிறது, அது தேய்ந்த கயிறு, குழந்தை அறுத்த கயிறு இல்லை. ஆயிரம் பேர் இழுத்தால் கயிறு தேயத்தான் செய்யும். செய்துபார்க்கும் கூடம் நடத்துகிறவர்கள் கயிறு மாற்றுவதையும், பேரிங்குக்கு எண்ணெய் போடுவதையும், உடைந்த பிடியைப் புதிதாகக் கடைந்து போடுவதையும் அன்றாட வேலையாக வைத்துக்கொண்டால்தான் கூடம் உயிரோடு இருக்கும்.

இயற்பியலாளர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் 1969இல் சான் பிரான்சிஸ்கோவில் எக்ஸ்ப்ளோரடோரியம் என்ற அறிவியல் கூடத்தைத் தொடங்கினார். அதற்கு முன்பு உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்து, பிள்ளைகள் கையால் எப்படிக் கற்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவர். அங்கே கருவிகளைச் செய்யும், பழுதுபார்க்கும் பட்டறையை மறைத்து வைக்கவில்லை. வந்தவர்கள் பார்க்கும்படி கூடத்திலேயே வைத்தார்கள். தாங்கள் செய்த கருவிகளை மற்ற ஊர்க்காரர்களும் செய்துகொள்ளட்டும் என்று செய்முறைகளை நூலாகவும் போட்டார்கள். உடைந்தால் சரிசெய்வோம் என்று தெரிந்தவர்கள்தான் தைரியமாகத் தொடவிட முடியும். உங்கள் பட்டறை இப்போது பூட்டிக் கிடக்கிறது. முன்பு அங்கே வேலை பார்த்த மெக்கானிக்கை ஒரு முறை என் மகன் அரைமணி நேரம் கேள்வி கேட்டுத் துளைத்தான். அவர் ஸ்பானரை அவன் கையில் கொடுத்து ஒரு நட்டை இறுக்கச் சொன்னார். அன்று கூடத்தில் வேறு எதையும் அவன் பார்க்கவில்லை.

கூடத்தில் நிற்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எக்ஸ்ப்ளோரடோரியத்தில் விளக்கிச் சொல்லும் வேலைக்கு உயர்நிலைப் பள்ளி மாணவர்களையே சம்பளம் கொடுத்து வைத்தார்கள். உங்களிடமும் அப்படியொரு இளைஞர் இருந்தார். சின்னக் குழந்தை வந்தால் முழங்காலிட்டு உட்கார்ந்துவிடுவார். நேராக ஒன்றும் வளைவாக ஒன்றும் இருக்கும் இரண்டு பந்துப் பாதைகளுக்கு முன்னால், "எது முதல்ல வரும் பாப்பா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பார். குழந்தை நேர்பாதையைக் காட்டும். இரண்டு பந்தையும் ஒன்றாக விடுவார். நீளமான வளைவுப் பாதையில் போன பந்து முதலில் வந்து நிற்கும். அதற்கும் அவர் விளக்கம் சொல்ல மாட்டார், "மறுபடி விடலாமா?" என்றுதான் கேட்பார். இப்போது நிற்பவர்களுக்கு "தொடாதீங்க", "அடுத்தவங்களுக்கு விடுங்க" என்று சொல்லும் வேலை மட்டுமே கொடுக்கப்பட்டிருக்கிறது. அவர்களும் பாவம், நாள் முழுக்க அதையே சொல்லிக் களைத்துப்போகிறார்கள்.

கூட்ட நெரிசல் உண்மைதான். விடுமுறை நாட்களில் பெரிய பிள்ளைகள் ஓடிவரும் வேகத்தில் சின்னவர்கள் இடிபடுகிறார்கள். அதற்குத் தீர்வு நேரத்தைப் பங்கிடுவது. தண்ணீரின் சுத்தத்தைப் பற்றிய கவலையும் நியாயமானதே. அதைத் தினமும் மாற்றுவதும், பக்கத்தில் கை கழுவ ஒரு தொட்டி வைப்பதும் போதும்.

உங்களிடம் நான் கேட்பவை இவை. ஏழு வயது விதியை இந்த விடுமுறை தொடங்குவதற்கு முன்பே திரும்பப் பெறுங்கள். பெரியவர் ஒருவரின் துணையோடு எந்த வயதுக் குழந்தையும் கூடத்துக்குள் வரலாம் என்ற பழைய ஏற்பாடே போதும். உண்மையிலேயே ஆபத்து உள்ள கருவி எதுவோ, அதற்கு மட்டும் வயதோ உயரமோ குறிப்பிட்டு அங்கேயே எழுதி வையுங்கள்.

தண்ணீர் மேசையையும் காற்றுப் பந்தையும் மறுபடி வையுங்கள். இடம் இல்லை என்றால் திரை அறையைக் காலி செய்து அதிலேயே வைக்கலாம். வாங்கிய திரைகள் வீணாக வேண்டாம், நூலகப் பகுதியில் பெரிய மாணவர்களுக்குப் பயன்படும். கிசுகிசுக்கும் கிண்ணங்களுக்கும் நிற நிழல் அறைக்கும் அசையாத படிகள் போடுங்கள், பொத்தான்களைக் கீழே இறக்குங்கள்.

பழுது என்று பலகை மாட்டும்போது, என்றிலிருந்து பழுது, என்ன பழுது, எப்போது சரியாகும் என்ற மூன்றையும் அதில் எழுதுங்கள். பட்டறையைத் திறந்து, அதற்கு ஆள் போடுங்கள். திரைகளுக்கு ஒதுக்க முடிந்த பணத்தில் ஒரு பகுதியைக் கயிறுக்கும் பேரிங்குக்கும் ஆண்டுதோறும் ஒதுக்க முடியும் என்றே நம்புகிறேன்.

விடுமுறை நாட்களில் திறந்ததும் முதல் ஒரு மணி நேரத்தைச் சின்னக் குழந்தைகளோடு வரும் குடும்பங்களுக்குத் தாருங்கள். அண்ணன், அக்காவும் அவர்களோடு வரட்டும். கூடத்தில் நிற்பவர்களுக்குக் குழந்தைகளிடம் கேள்வி கேட்கவும், காத்திருக்கவும் பயிற்சி கொடுங்கள். தாத்தா பாட்டிகள் உட்காரக் கருவிகளுக்குப் பக்கத்திலேயே சில இருக்கைகள் போட்டாலும் நல்லது.

கடைசியாக, இப்படிப்பட்ட முடிவுகளை எடுக்கும் முன் பெற்றோரையும் மழலையர் பள்ளி ஆசிரியர்களையும் ஒரு முறையாவது கூப்பிட்டுப் பேசுங்கள். அப்படி ஒரு கூட்டத்தை இந்த மாதத்துக்குள் கூடத்திலேயே நடத்தும்படி கேட்கிறேன். பக்கத்தில் பார்த்துக்கொள்ள ஆள் இருக்குமானால் பிள்ளைகளையும் கூட்டி வருவோம். நாளும் நேரமும் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
எட்டு வயது மகனுக்கும் நான்கு வயது மகளுக்கும் தாய்